கண்ணு தெரியலைன்னு சொன்னா போதைன்னு எழுதாதீங்க

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து 2024 ஜூன் 18, 19 தேதிகளில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்ட நம் மக்கள் சொன்னது மூன்று விஷயம்: வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். முதல் இரண்டை வயிற்றுப்போக்கு என்று எழுதித் தள்ளிவிடலாம். மூன்றாவதை அப்படித் தள்ள முடியாது. சாராயம் குடித்தவருக்குக் கண் மங்கினால் மெத்தனாலைச் சந்தேகி என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆனால் ஜூன் 19 அன்று மாவட்ட ஆட்சியரே கள்ளச்சாராயச் சாவு என்பதை மறுத்துத்தான் செய்தியாளர்களிடம் பேசினார். அதே நாளில் அவரை அரசு மாற்றியது, எஸ்.பி.யை இடைநீக்கம் செய்தது. அதற்குள் பிணங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. கடைசியில் கணக்கு 65-ஐத் தாண்டியது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தலித் குடியிருப்பில் இது நடந்தது.

குடித்தவனுக்குக் கண் மங்குவது என்ன அதிசயமா என்று நம்மில் பலரே கேட்கிறோம். இங்கேதான் கொஞ்சம் அறிவியல் தெரிய வேண்டும், தோழர்களே. கடையில் விற்கும் மதுவில் இருப்பது எத்தனால். அந்தப் போதையில் பார்வை தடுமாறும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். போதை இறங்கினால் சரியாகிவிடும். மெத்தனால் அப்படியல்ல. குடித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் அந்த அமிலம் தடுக்கும். முதலில் அடிவாங்குவது பார்வை நரம்பு. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்து, போதை தெளிந்த பிறகு, மூடுபனிக்குள் நிற்பதுபோல எல்லாம் வெளுத்துத் தெரியும். 10 மி.லி. மெத்தனாலே பார்வையைப் பறிக்கலாம். 30 மி.லி. உயிரையே எடுக்கலாம்.

அந்தக் கட்டத்திலும் காப்பாற்ற வழி உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013-லேயே சேர்த்துவிட்டது. அது இல்லாவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பார்கள். (டாஸ்மாக் சரக்கை ஊற்றிக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) அமிலத்தைச் சமன்செய்ய சோடியம் பைகார்பனேட், ரத்தத்தைச் சுத்தம்செய்ய டயாலிசிஸ். எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. அதனால்தான் "கண்ணு தெரியல" என்ற சொல்லைக் கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பது உயிர்ப் பிரச்சினை.

எப்படிக் கேட்கிறார்கள்? வந்திருப்பது எந்தத் தெரு என்று முதலில் பார்க்கிறார்கள். காலனி என்றால் வாயை முகர்கிறார்கள். வாசம் வந்தால் "குடிகாரன், ஓரமா படுக்க வை" என்பதோடு முடிந்தது. வீட்டு ஆட்களும் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து குடித்ததை மறைக்கிறார்கள். சாதி கொடுக்கும் அலட்சியமும் சட்டம் கொடுக்கும் பயமும் சேர்ந்து தின்கிற ஒவ்வொரு மணி நேரமும் பார்வை நரம்பின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. கருணாபுரத்துக்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், செங்கல்பட்டு மாவட்டத்தில் சித்தாமூர் பக்கம் பெருங்கரணையிலும் பேரம்பாக்கத்திலும் செத்தார்கள். அதே நாட்களில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்திலும் செத்தார்கள். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேல். குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று அன்றைய டி.ஜி.பி.யே அறிக்கை விட்டார். பதின்மூன்று மாதத்தில் அதே விஷம் கருணாபுரத்துக்கு வந்தது என்றால், இடையில் அரசு யாருடைய வாயை முகர்ந்துகொண்டிருந்தது?

சிறுசேரியில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில், சிப்காட் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "குடிச்சு செத்தவனுக்கு எதுக்கு அண்ணா வரிப்பணத்துல பத்து லட்சம்?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைக் கேட்டார். பதிலை எல்லோருக்கும் சொல்கிறோம்.

2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரிட்டன், அமெரிக்கா நாட்டவர். உலகப் பத்திரிகைகள் அவர்களை நஞ்சுக்குப் பலியானவர்கள் என்று எழுதின. சரியான சொல்தான். செக் நாட்டில் 2012 செப்டம்பரில் மெத்தனால் சாவுகள் வந்தபோது, 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது விற்பனையை நாடு முழுவதும் அரசு நிறுத்தியது. குடித்தவனின் ஒழுக்கத்தை ஆராய்வதற்கு முன் விற்பனையை நிறுத்தினார்கள். ஐ.டி. பூங்காவில் வேலை பார்ப்பவர் வார இறுதியில் ஈ.சி.ஆர். பப்பில் குடித்தால் அது ரிலாக்ஸ். கழிவுநீர்க் குழாய் அடைப்பெடுத்துவிட்டு வந்தவர் குடித்தால் கெட்ட பழக்கம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். பாக்கெட் விடியற்காலையிலேயே கிடைக்கும். விலையும் குவார்ட்டரில் பாதி வராது. உடம்பு வலியோடு வேலைக்குக் கிளம்புகிறவர் எதை வாங்குவார் என்பதை அவருடைய கூலிதான் முடிவுசெய்கிறது.

அந்தப் பாக்கெட்டுக்குள் மெத்தனால் எப்படி வந்தது? எந்தச் சேரியிலும் மெத்தனால் ஆலை இல்லை. பெயிண்டுக்கும் ரசாயனத்துக்கும் பயன்படும் இந்தச் சரக்கை வாங்கவும் வைக்கவும் கொண்டுசெல்லவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959-லிருந்தே விதிகள் உண்டு. அப்படியென்றால் வெளியே போன ஒவ்வொரு பேரலுக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருந்தாக வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க வேண்டிய அதிகாரி யார், மாமூல் வாங்கியவர் யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 2024 ஜூனில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் பாக்கெட் விற்ற கிழவியோடு வழக்கு நின்றுவிட்டால் பேரல் அடுத்த ஊருக்கு உருளும். கள்ளக்குறிச்சி வழக்கை அதே நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியதை இந்த இடத்தில் நினைவில் வையுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு சம்பவத்திலும் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சை பெற்றவருக்கு 50 ஆயிரம் என்று அறிவித்தார்கள். பிழைத்தவருக்குப் பார்வை போயிருந்தால்? சாரம் ஏறிய கொத்தனார் இனி ஏற முடியாது. கண் போனவரும் அந்த 50 ஆயிரத்துக்குள்தான் அடங்கினார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவருக்கும் பொருந்தும். "குடிச்சு போன கண்ணு" என்று அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

மதுவிலக்கு வேண்டுமா என்ற விவாதம் நடக்கட்டும். நம் வீட்டுப் பெண்கள் படும் பாடு நமக்குத் தெரியும், குடியை நாம் கொண்டாடவில்லை. ஆனால் முழு மதுவிலக்கு உள்ள பீகாரிலும் குஜராத்திலும் இதே விஷச்சாராயச் சாவுகள் நடக்கின்றன. கடையை மூடுவதால் மட்டும் மெத்தனால் பேரல் மூடாது.

ஆகவே மாணவத் தோழர்களே, வேலை இங்கேயே இருக்கிறது. சென்னையிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட நம் மக்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கடுக்காக வாழ்கிறார்கள். சிறுசேரிக் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்க வருகிறவர்களில் அவர்களும் உண்டு. அங்கே போய் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: குடித்த மறுநாள் கண் மங்கினால் தூங்க வைக்காதே, 108-ஐக் கூப்பிடு, குடித்ததை டாக்டரிடம் மறைக்காதே. கூட ஒருவர் போய் "மெத்தனாலா இருக்கும், பாருங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்துப் பாருங்கள். உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் ஃபோமெபிசோல் எத்தனை குப்பி இருப்பு, டயாலிசிஸ் இயந்திரம் இரவில் ஓடுகிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் மெத்தனால் உரிமம் வைத்திருப்பவர் பட்டியலையும், கடைசியாகச் சோதனை நடந்த தேதியையும் கேளுங்கள். பார்வை இழந்தவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும்வரை அவரோடு அலுவலகம் ஏறி இறங்குங்கள்.

அடுத்த முறை செய்தி வந்ததும் "குடிகாரங்க" என்று எழுத விரல் போனால், விஷம் கொடுக்கப்பட்டவர்கள் என்று எழுதுங்கள். பேரலை விட்டவன் பெயரைக் கேளுங்கள்.

ஜெய் பீம்.