உழைப்பு கம்பெனிக்கு, மடிக்காசு நமக்கு

பால் வெட்டும் தோழர்களே, கிராணி நண்பர்களே,

வேலை வாங்குவது முதலாளியின் உரிமை. வாங்கிய வேலைக்குக் கூலி கொடுப்பது அவர் கடமை. கொடுத்த கூலியைத் தொழிலாளி எந்தக் கடையில், எந்தச் சரக்குக்குச் செலவிடுகிறான் என்று பார்ப்பது யாருடைய வேலை? யாருடைய வேலையும் அல்ல என்பதே நம் பதில். ஆனால், “எங்கள் சோற்றைத் தின்கிறவன் எங்கள் சரக்கையே வாங்க வேண்டும், பிறர் சரக்கைத் தொடக் கூடாது” என்று எண்ணும் முதலாளிமார் இன்றும் இருக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் விசுவாசம்.

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு தின்பண்டத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். என் அக்காள் மகன் அங்கே வேலை செய்கிறான். தேநீர் நேரத்தில் அவன் வேறொரு கம்பெனி பிஸ்கோத்துப் பொட்டலத்தைப் பிரித்தான். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, “நம் சரக்கு உனக்கு ருசிக்கவில்லையா?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. கம்பெனிச் சரக்கைப் புகழ்ந்து முகநூலில் எழுதியவர்கள் யார், எழுதாதவர்கள் யார் என்று கணக்கெடுப்பதாகவும் சொன்னாராம். அடிக்கவில்லை, வையவில்லை, கூலியையும் வெட்டவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் அந்தப் பையன் பிஸ்கோத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்துத் தின்கிறான். தன் காசில் வாங்கியதைத் திருடனைப்போலத் தின்ன வேண்டிய நிலை எதனால் வந்தது?

இது நம் வட்டாரத்துச் சில்லறைச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் டியர்பார்ன் நகரிலுள்ள போர்டு லாரித் தொழிற்சாலையில், 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஒரு விதி வந்தது. போர்டு குடும்பத்து வண்டியில் வருகிறவன் தொழிற்சாலையை ஒட்டி நிறுத்தலாம். பிற கம்பெனி வண்டியில் வருகிறவன் சாலைக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். ஒரே வேலை, ஒரே ஆலை. வாங்கிய வண்டியைப் பார்த்துக் கால்நடைத் தண்டனை! இதற்கு முந்திய ஆண்டுதான் அந்நாட்டு மோட்டார்த் தொழிலாளர் சங்கமே தன் தலைமையகத்தில், அந்நிய நாட்டுக் கார் ஓட்டி வந்த படைவீரர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை என்று சொல்லி, கண்டனம் எழுந்ததும் பின்வாங்கியது. முதலாளி செய்தால் கொடுமை, சங்கம் செய்தால் கொள்கை என்று நாம் பேச மாட்டோம். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றே.

போர்டு கம்பெனியின் கதை நமக்குத் தொலைவான கதையும் அன்று. அது ரப்பர் மரத்தடிக்கே வருகிறது. 1914-இல் ஹென்றி போர்டு நாளைக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்து உலகையே வியக்க வைத்தார். ஆனால் அந்த ஐந்தில் ஏறத்தாழப் பாதி ‘லாபப் பங்கு’ என்ற பெயரில் இருந்தது. அதைப் பெறத் தொழிலாளி நல்லொழுக்கமுள்ளவன் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பான்: வீடு சுத்தமா, குடிக்கிறானா, காசு சேர்க்கிறானா? கூலி உயர்ந்தது, கூடவே வீட்டுக் கதவும் திறந்துவிடப்பட்டது.

பிறகு 1928-இல் அதே போர்டு, பிரேசில் நாட்டில் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர் காட்டைப் பெற்று, ரப்பர்த் தோட்டம் போட்டார். ‘போர்ட்லாண்டியா’ என்று பெயர். நாம் வெட்டும் மரத்துக்குத் தாய்வீடு அந்தத் தப்பஜோஸ் வட்டாரந்தான். 1876-இல் விக்ஹாம் என்ற வெள்ளைக்காரர் அங்கிருந்து விதைகளைக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அந்தக் குலத்து மரங்களே பின்னர் மலாயா முழுதும் பரவின. மண்டாய், செம்பவாங், நீ சூன் வட்டாரமெல்லாம் ஒருகாலத்தில் ரப்பராக நின்றது.

அந்தப் பிரேசில் தோட்டத்தில் நடந்தது என்ன? கூலி அக்கம்பக்கத்தை விட நல்ல கூலி. ஆனால் மது கூடாது. குடியிருப்பது துரை தேசத்து வீட்டில். தின்பது துரை தேசத்துச் சாப்பாடு: ஓட்ஸ் கஞ்சியும் டப்பாப் பழமும். 1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவதை நிறுத்தி, வரிசையில் நின்று வாங்கித் தின்னச் சொன்னபோது, பொறுத்திருந்த கூட்டம் பொங்கி எழுந்தது. சாப்பாட்டுக் கூடம் நொறுங்கியது. நேரம் குறிக்கும் கடிகாரங்கள் நொறுங்கின. கலகத்தை நாம் மெச்சவில்லை. ஆனால், நல்ல கூலி கொடுத்தவர் மீது ஏன் இத்தனை கோபம் என்று எண்ணிப் பாருங்கள். கூலி கொடுத்த கை, தொழிலாளியின் வாய்க்குள்ளும் நுழைந்தது; அதுதான் காரணம். இலை நோயும் மரங்களைத் தின்றது. 1945-இல் போர்டு கம்பெனி அந்தத் தோட்டங்களை அற்ப விலைக்குப் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டுக் கிளம்பியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களில் இந்த விசுவாசம் எந்த உருவில் இருந்தது? கள்ளுக்கடை உருவில் இருந்தது. லயத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே தோட்டத்துக் கள்ளுக்கடை. “வெளியே போனால் சம்சு குடித்துச் சாவான், உள்ளே குடித்தால் நம் கண்காணிப்பில் இருப்பான்” என்றார்கள் துரைமார். பகலில் ஒரு கை கொடுத்ததை மாலையில் மறு கை வாங்கிக்கொண்டது. பல தோட்டங்களில் கடைச் சாமானும் பற்றுப் புத்தகத்தில் ஏறும். சம்பளத் தேதியில் பிடித்தம் போக மிஞ்சியதே கையில் விழும். வேறு கடைக்குப் போக அவனைத் தடுத்தது சங்கிலி அல்ல, கடன்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன? கூலி உயர்வு மட்டுமா? இல்லை. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கொடு, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து, உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக விடு என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமார் எதிரிலும் தோட்ட அலுவலர் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்றார்கள். போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, உயிர்கள் பறிபோயின. 1947-இல் கெடா மாநிலத்துப் பீடோங் பகுதியில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக மறியலில் இறங்கி, போலீஸ் தடியைச் சந்தித்தது.

அந்தச் சைக்கிள் கோரிக்கையைச் சிறிதென்று எண்ணாதீர்கள். தான் வெட்டிய பாலில் உருவான டயரின் மேல், தன் காசில் வாங்கிய சைக்கிளில், பொதுவழியில் போகிறவன் ஏன் இறங்க வேண்டும்? வேலை முடிந்த பிறகும் அவன் தோட்டத்துச் சொத்து என்ற எண்ணந்தான் அவனை இறங்கச் சொன்னது. இன்று “அந்தக் கம்பெனி பிஸ்கோத்தைத் தின்னாதே” என்பதும் அதே எண்ணந்தான். அன்று சைக்கிளிலிருந்து இறங்கு என்றது; இன்று ருசியிலிருந்து இறங்கு என்கிறது.

கிராணி நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர் கேட்டது துரை எதிரில் மட்டுமல்ல. நம் வர்க்கத்தார் எதிரிலும் இறங்க மாட்டோம் என்பதே. விசுவாசத்தை மேலிருந்து கேட்பவர் ஒருவர்; கீழே கணக்கெடுப்பவர் பெரும்பாலும் கிராணியும் மண்டோரும் மேற்பார்வையாளரும். கணக்கெடுக்கும் பேனா நம் கையில் இருக்கிறது. அதைச் செக்ரோலுக்கு மட்டும் பயன்படுத்துவோம்.

“கம்பெனிச் சரக்கு விற்றால்தானே உங்களுக்கு வேலை? நீங்களே வாங்காவிட்டால் ஊரார் எப்படி வாங்குவார்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; நேராகவே பதில் சொல்வோம். வேலை நேரத்தில் கவனம், சொன்ன வேலையில் நேர்மை, சரக்கில் கலப்படமின்மை, தொழில் ரகசியத்தை வெளியே விடாமை, பணியில் இருக்கையில் கம்பெனிச் சட்டை: இவையெல்லாம் கம்பெனிக்கு நாம் கடன்பட்டவை. குறைந்த விலையில் நம் சரக்கை நமக்கே கொடுக்க முன்வந்தால் நன்றி சொல்லி, விரும்பினால் வாங்குவோம். ஆனால் விருப்பம் வேறு, கட்டாயம் வேறு. சரக்கு நல்லதாக இருந்தால் செய்தவனே முதலில் வாங்குவான். அவன் வாங்கவில்லையென்றால், ஏன் என்று அவனைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முதலாளிக்கு லாபம். வாயைக் கட்டி வாங்க வைத்தால் சரக்கின் குறை தீருமா? மேலும், பாலை வெட்டியவனுக்கும் டயர் விலைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். தான் செய்ததைத் தானே வாங்க வேண்டுமென்று சொல்கிறவர், வாங்கும் அளவுக்குக் கூலி கொடுத்துவிட்டல்லவா சொல்ல வேண்டும்?

விசுவாசம் என்பது இரு பக்கமும் ஓட வேண்டிய சாலை. மலாயா 1957-இல் சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய ஆண்டுகளில் அந்நியக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டு நடுங்காத லயம் இல்லை. மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த விற்பனைப் பத்திரத்தில் விசுவாசத்துக்கு எத்தனை வெள்ளி விலை போட்டிருந்தார்கள்? ஒரு காசும் இல்லை.

அப்போது நம்மவர்களைக் காக்க வந்தது கம்பெனியின் நன்றி அல்ல. 1960-இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாகக் கைக்கு வந்தது. மடிக்காசு நம் விருப்பத்தில் இருந்தால் அது என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தப் பத்து வெள்ளியும் கள்ளுக்கடையில் விழுந்திருந்தால் தோட்டம் எங்கே, தொழிலாளி எங்கே?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. இங்கிலாந்திலேயே 1831-இல், கூலிக்குப் பதில் சரக்குக் கொடுக்கும் முறையைத் தடுக்கச் சட்டம் வந்தது. பாலத்துக்கு அப்பால் மலாயாவில் 1955-இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டமும், இப்பால் சிங்கப்பூரின் 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: சம்பளத்தை எந்த இடத்தில், எந்த விதத்தில், யாரிடம் செலவிட வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் முதலாளி நிபந்தனை விதிக்கக் கூடாது, விதித்தால் செல்லாது. சிங்கப்பூர்ச் சட்டப்படி முதலாளி கடையோ சிற்றுண்டிச் சாலையோ வைக்கலாம். ஆனால் அங்கேதான் வாங்க வேண்டுமென்று தொழிலாளியை ஒப்பந்தத்தால் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிமாருக்கும் இது பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்களும் மாலுமிகளும் இந்தச் சட்டத்தில் அடங்கவில்லை; அது ஒரு குறை, அதையும் பேச வேண்டும்.

ஆனால் சட்டம் ஒப்பந்தத்தைப் படிக்கும். மேற்பார்வையாளரின் முகச்சுளிப்பைப் படிக்காது. அந்த இடத்தில் சங்கந்தான் நிற்க வேண்டும். ஆகவே தோழர்களே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்க்குக் கிராணிகள் படித்துச் சொல்லுங்கள். கம்பெனிச் சரக்கை வாங்கு, புகழ்ந்து எழுது என்று யாராவது வற்புறுத்தினால் தேதியோடு குறித்து வையுங்கள். தனியாளாகப் போய் வாதாட வேண்டாம், சங்கத்திடம் சொல்லுங்கள். சம்பளத்தில் கை வைத்தால் மனிதவள அமைச்சிடமே முறையிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகிறான் தொழிலாளி. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான், மிச்சத்தில் பிடித்த கடையில் பிடித்ததை வாங்குகிறான். வாரம் முழுவதும் மணியடித்தால் எழுந்து, சொன்ன இடத்தில் நின்று, சொன்னதைச் செய்த மனிதன், “எனக்கு இது வேண்டும், அது வேண்டாம்” என்று சொல்லும் இடம் அந்தக் கடை வாசல் ஒன்றே. அந்த வாசலிலும் முதலாளி வந்து நிற்பாரானால், நாம் ஒதுங்கி வழிவிட வேண்டியதில்லை. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களின் பிள்ளைகள் நாம்.