மதியம் பூட்டிய நூலகம்

வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறலாம் என்பதுதான் இணையவழிப் படிப்புகளின் முதல் கவர்ச்சி. அஞ்சல்வழிக் கல்வியை டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அந்த வழிக்கு வந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் பிறந்தன. 2017-இல் ஸ்வயம் என்னும் இணையவழிப் பாடத் தளம் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மாணவரின் அலைச்சல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முன்பு பாடம் தபாலில் வந்தாலும் நேர்முக வகுப்புக்காவது வெளியே போக வேண்டியிருந்தது. இப்போது அதுவும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது வீடு மட்டும். திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகு படிக்க வருபவருக்கு அந்த வீடுதான் படிப்பதற்கு மிகவும் தோதற்ற இடம் என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஊர்தோறும் இருக்கும் பொது நூலகத்தை இணையவழிக் கல்வியின் வகுப்பறையாகவே கருத வேண்டும் என்பது என் வாதம்.

மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடங்களைச் செலவிடுகிறார் என்கிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பதைவிட, அது துண்டு துண்டாக நாள் முழுவதும் சிதறிக் கிடப்பதுதான் படிப்பவருக்கு இடைஞ்சல். அடுப்பில் பால் பொங்கும், கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிடுவார், மாமியாரின் மாத்திரை நேரம் வந்துவிடும். காணொளிப் பாடத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகலாம்தான். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் பாடம் விட்ட இடத்திலிருந்து ஓடும், விட்டுப்போன யோசனை அப்படி ஓடாது. அலுவலகம் போனவரை யாரும் பாதியில் கூப்பிடுவதில்லை. வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரோ எல்லோர் கண்ணுக்கும் சும்மா இருப்பவராகத் தெரிகிறார். ஷிப்டு முடிந்து ஓர் அறை வாடகை வீட்டுக்குத் திரும்பிப் படிக்கும் ஆணுக்கும் ஓரளவு இதே கதைதான்.

நூலகம் தருவது ஒரு நாற்காலியும் மேசையும் இடையூறில்லாத இரண்டு மணி நேரமும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது அவர் பேசுவது நூலகம் எங்கே இருக்க வேண்டும், எப்போது திறந்திருக்க வேண்டும், இருக்கைகள் எப்படி அமைய வேண்டும் என்பவற்றைத்தான். அவருடைய முயற்சியின் பயனாக 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம். அதன் வழி வளர்ந்து, இன்று தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. ஆனால் பல கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று இரண்டாகப் பிரிந்தே இயங்குகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், சமையல் முடிந்து, ஒரு தாய்க்குக் கை ஓயும் பொழுது நண்பகல். நூலகம் பூட்டியிருப்பதும் அப்போதுதான். பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆண்களுக்குத் தோதாக வகுத்த நேரத்தை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

புத்தகமெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்கலாம். இணையம் எல்லார் கையிலும் இல்லை என்பது முதல் பதில்: தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். அந்த நிலை மாறிவருகிறது என்றே வைத்துக்கொள்வோம். கைப்பேசி இருக்கும் வீட்டிலும் படிக்க மூலை இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். டேட்டா மலிவானால் அது தீராது. பொது நூலகம் பொது வாசிப்புக்கானது, பாடம் படிக்கும் கூடமாக அதை மாற்றக் கூடாது என்போரும் உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வர்கள் நாற்காலிகளைப் பிடித்துவைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது இப்படிச் சொல்வோரின் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சென்னையில் சரியானது செய்யாற்றில் எப்படித் தவறாகும்? தவிர, பாடம் படிக்க வருகிறவர் பாடத்தோடு மட்டும் திரும்புவதில்லை. அலமாரியில் கண்ணில் பட்ட நாவலையும் சேர்த்தே எடுத்துப் போவார்.

இன்னொரு மறுப்பு இவற்றைவிடக் கனமானது. கணவர் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டால் மனைவி நூலகத்துக்கு ஓட வேண்டியதில்லையே, வீட்டைத் திருத்தாமல் வெளியே இடம் தேடித்தருவது தப்பித்தல் இல்லையா? வீடு திருந்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலைப் பங்கீடு அறிவுரையால் மாறுவது அபூர்வம். செய்கிறவர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமல் போகும்போதுதான் மற்றவர் கை அடுப்படிக்கு நீள்கிறது. வெளியே போக ஒரு காரணமும் போய் உட்கார மரியாதையான ஓர் இடமும் இருந்தால்தான் அந்த இல்லாமை வாய்க்கும். டீக்கடை பெஞ்சு ஆணுக்குத் தரும் சுதந்திரத்துக்கு ஈடாகப் பெண்ணுக்கு ஊரில் கோயிலை விட்டால் அதிகம் இல்லை. குழந்தையை விட்டுவர முடியாதவர் கூட்டிக்கொண்டே வரட்டும். சிறுவர் பகுதி உள்ள நூலகங்களில் அதற்கு வழியும் இருக்கிறது.

பணம் எங்கே என்ற கேள்விக்கு நூலகச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புகள் அதை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது நாள்பட்ட நோய். அந்த நிலுவை கைக்கு வந்தால் முதல் செலவு கணினியாக இருக்கக் கூடாது. பெண்கள் பயன்படுத்தத் தக்க கழிப்பறையாக இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்தப் பெண்ணும் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார். அடுத்தது ஆள். ஒற்றை நூலகரே கதவு திறந்து, பதிவேடு எழுதி, புத்தகம் அடுக்கி, பூட்டிச் செல்லும் ஊர்ப்புற நூலகத்தில் நண்பகலிலும் திறந்து வை என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், ஒரு பெண்ணின் படிப்புக்காக இன்னொருவரின் சாப்பாட்டு வேளையைப் பறித்ததாகிவிடும். ஆகவே நேர நீட்டிப்பும் இரண்டாவது பணியிடமும் ஒரே அரசாணையில் வர வேண்டும். முதலில் மாவட்டத்துக்குச் சில கிளை நூலகங்களில் பள்ளி வேலை நாட்களில் மட்டும், பத்து மணி முதல் மூன்று மணி வரை இடைவெளியில்லாமல் திறந்துவைத்து, வருவோர் பதிவேட்டில் பெண்களின் பெயர் கூடுகிறதா என்று ஓராண்டு பார்க்கலாம்.