உறுதியைப் பார்க்கிறோம், வீட்டைப் பார்க்கிறோமா?

பழைய லொறியொன்றை வாங்கப் போகும் எமது வியாபாரி எவரும் தனியே போவதில்லை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டே போவார். அவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பார், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார், ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பார். மிளகு வாங்குபவர் சாக்கின் அடிவரை கையை விட்டு ஈரம் பார்க்கிறார். கராம்பு வாங்குபவர் நகத்தால் அழுத்தி எண்ணெய் வருகிறதா என்று பார்க்கிறார். ஆனால் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வீடொன்றை வாங்கும் போது மாத்திரம் டைல்ஸையும் பெயின்டையும் பார்த்துவிட்டு, "நல்ல வீடு" என்று சொல்லி அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இந்தப் பழக்கம் சமதரையில் உள்ள ஊர்களுக்கே நல்லதல்ல. ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூருக்கு அது ஆபத்தானது. கண்டி–மஹியங்கனை வீதியில் தெல்தெனியவைக் கடந்து மேலே ஏறி வருபவர்களுக்கு நிலைமை நன்கு தெரியும். வீதியின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டுப் பக்கத்தில் மலையை வெட்டி எடுத்த இடத்தில் வீடு கட்டுகிறார்கள். பள்ளத்துப் பக்கத்தில், வீதியிலிருந்து பார்த்தால் ஒரு தட்டாகத் தெரியும் கட்டிடம், பின்னால் போய்ப் பார்த்தால் உயரமான தூண்களின் மேல் நிற்கிறது. லூல்வத்தைக்கும் மீமுரேக்கும் போகும் பாதை ஹுன்னஸ்கிரியவில்தான் பிரிகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த மலையைப் பார்க்க வரும் பயணிகளை நம்பித் தங்குமிடம் நடத்தும் எண்ணத்தில் இப்பகுதியில் வீடு தேடுபவர்களும் இருக்கிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இந்த விடயத்தை வெறும் கொடுக்கல் வாங்கல் பிரச்சினையாக விட்டுவைக்கவில்லை. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. மாவட்டங்களில் அதிக உயிரிழப்பைச் சந்தித்தது எமது கண்டி மாவட்டமே. மண்மேடுகள் சரிந்து வீடுகளை மூடின. அதற்குப் பிறகும் மலைச்சரிவில் உள்ள வீடுகள் கைமாறத்தான் செய்யும். வாங்குபவர் எதைப் பார்த்து வாங்கப் போகிறார், விற்பவர் எதைச் சொல்லி விற்கப் போகிறார் என்பதே எமது கேள்வி.

காகிதத்துக்குச் செலவழிக்க நாம் தயங்குவதில்லை. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அதனால் சட்டத்தரணியிடம் போகிறோம். காணிப் பதிவகத்தில் தேடுகிறோம். நில அளவையாளரைக் கொண்டு எல்லை பார்க்கிறோம். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டுக்கு இந்தத் தீர்வை மாத்திரம் 3 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா ஆகிறது. இவையெல்லாம் அவசியமானவைதான். ஆனால் உறுதி சொல்வது காணி யாருடையது, எத்தனை பேர்ச், எல்லை எது என்பதையே. அத்திவாரம் இறங்குகிறதா, சிலப்புக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, பின்புற மண்மேடு நிற்குமா என்பதை எந்த உறுதியும் சொல்வதில்லை.

"வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டுத்தானே கடன் தந்தார்கள்" என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். இது தவறான ஆறுதல். மதிப்பீட்டாளர் வருவது வங்கிக்காக. கடன் திரும்பி வராவிட்டால் இந்த ஈட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே அவரிடம் கேட்கப்படும் கேள்வி. அவர் கூரைக்கு மேல் ஏற வேண்டியதில்லை, வயரிங்கைச் சோதிக்க வேண்டியதில்லை. வீட்டுப் பரிசோதகர் வேறு வேலை செய்பவர். அவர் வாங்குபவரின் கண்ணாக நின்று, வீட்டின் நிலையை அடிமுதல் முகடுவரை பார்த்து, எது நல்லது, எது பழுது, எது அவசரம் என்று எழுத்தில் தர வேண்டியவர்.

அவர் எதைப் பார்ப்பார்? மலைநாட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டை அல்ல, வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள நிலத்தை. பின்புற மண்மேடு எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறது? தடுப்பு மதிலில் நீர் வெளியேறத் துளைகள் விடப்பட்டிருக்கின்றனவா, அவை அடைபட்டிருக்கின்றனவா? துளையில்லாத மதிலுக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால், மண்ணின் பாரத்துடன் நீரின் பாரமும் சேர்ந்து மதிலைத் தள்ளும். கூரைப் பீலியின் தண்ணீரும் மலசலகூடக் குழியின் நீரும் எங்கே போகின்றன? சரிவுக்குள்ளேயே ஊறினால் அந்த நிலம் உள்ளுக்குள் இளகிக்கொண்டிருக்கும். முற்றத்தில் வளைவாக ஓடும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனத் தோன்றிய ஊற்று, வருடா வருடம் இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதன் பிறகே கட்டிடம். சுவரில் தெரியும் எல்லா வெடிப்பும் ஆபத்தானதல்ல. பூச்சு காயும் போது வரும் மயிரிழை வெடிப்பும், அத்திவாரம் இறங்குவதால் செங்கற்களின் இடையே படிக்கட்டுப் போல் ஏறும் வெடிப்பும் ஒன்றல்ல. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகனப் பகுதியில் சில தடவைகள் சிறிய நில அதிர்வுகள் உணரப்பட்டன. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததாகவும் மக்கள் முறையிட்டனர். ஆகவே தெல்தெனிய, திகனப் பக்கத்தில் ஒரு வெடிப்பைக் கண்டால் அது பூச்சின் குறையா, அத்திவாரத்தின் குறையா, நிலத்தின் அசைவா என்பதைப் பிரித்துச் சொல்லத் துறை தெரிந்தவர் தேவை. புதிதாக அடித்த பெயின்ட் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் மறைத்துவிடும். எர்த் இணைப்பு இல்லாத வயரிங், வேலை செய்யாத ட்ரிப் சுவிட்ச், முகட்டு மரத்தில் கறையான், ஒரு தட்டுக்குப் போட்ட தூணின் மேல் ஏற்றிய இரண்டாம் தட்டு ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

நிலத்தைப் பற்றிய கேள்விக்கு அரசாங்கத்திலேயே ஒரு வாசல் உண்டு. 1984 இல் அமைக்கப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. 2011 ஆம் ஆண்டின் சுற்றறிக்கையின்படி, கண்டி உள்ளிட்ட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்குப் பிரதேச சபை அனுமதி வழங்குமுன் இந்நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும். அதற்கு முன்னர் கட்டிய வீட்டுக்கும், அனுமதி பெறாமல் பின்னால் இழுத்துக் கட்டிய அறைகளுக்கும் அந்த அறிக்கை இருக்காது. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டிய காகிதங்கள் மூன்று: அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வேலை முடிந்தபின் வழங்கப்படும் சீ.ஓ.சீ. எனும் இணக்கச் சான்றிதழ், கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. இவை இல்லையென்றால் வீடு கெட்டது என்று பொருளல்ல. ஆனால் ஏன் இல்லை என்பதற்குப் பதில் கிடைக்காமல் பணம் கைமாறக் கூடாது.

விற்பவருக்கு இதில் என்ன இலாபம் என்று கேட்கலாம். உண்மையில் அவருக்கே இலாபம் அதிகம் என்பது எமது கருத்து. ஜோர்ஜ் ஏகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல வண்டி, எது கெட்ட வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லா வண்டிக்கும் அவர் குறைத்தே விலை கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் கெட்டதே மிஞ்சும் என்று விளக்கினார். 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டித்வாவுக்குப் பிந்திய மலைநாட்டு வீட்டுச் சந்தைக்கும் இது பொருந்தும். மண்மேடு என்றாலே வாங்குபவர் பயப்படும் காலத்தில், உறுதியான பாறையின் மேல் முறையாகக் கட்டிய வீட்டுக்காரரும் சந்தேகத்துக்குரிய விலையையே பெறுவார். அவருடைய வீடு வேறு என்பதைக் காட்டக்கூடியது தரகரின் வாய்ச்சொல் அல்ல, பொறியியலாளரின் கையொப்பமிட்ட அறிக்கை.

ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு விடுபவரே தகுதிபெற்ற அளவையாளரைக் கொண்டு நிலை அறிக்கை தயாரித்து வாங்க வருபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 2007 இல் கொண்டுவந்த தகவல் பொதியில் கட்டிட நிலை அறிக்கையைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள். 2010 இல் அந்தப் பொதியே நிறுத்தப்பட்டது. கட்டிடத்தின் நிலையைச் சொல்லாத காகிதக் கட்டு வாங்குபவருக்குப் பெரிதாக உதவாது என்பதே நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம்.

பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது எமது வர்த்தகர்களுக்குப் புதிய பாடமல்ல. மேலே காய்ந்த தானியத்தை வைத்து அடியில் நனைந்ததை மறைத்தவர் கண்டிக்கப்பட்ட சம்பவத்தை அறியாதவர் எம்மில் இல்லை. ஈரம் கசியும் சுவருக்கு விற்பனைக்கு முதல் வாரம் பெயின்ட் அடிப்பதும் அதே வேலைதான்.

இதற்குச் சொல்லப்படும் தடைகளும் உண்டு. "எமக்குத் தெரிந்த பாஸ் பார்த்தார்" என்பார்கள். அனுபவமுள்ள மேசன் பாஸின் கண் பெறுமதியானதுதான். ஆனால் அவர் எழுத்தில் தருவதில்லை. திருத்த வேலை தமக்கே கிடைக்கும் என்றால் குறையைக் கூட்டியும் சொல்லலாம். "விற்பவர் எமது சொந்தக்காரர், எப்படிச் சந்தேகப்படுவது?" என்பார்கள். சொந்தக்காரருக்கே தெரியாத குறை சுவருக்குள் இருக்கலாம். பின்னால் உறவு முறிவதைவிட முன்னால் பார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. "தாமதித்தால் வேறொருவர் எடுத்துவிடுவார்" என்பார்கள். அதுவும் நடக்கக்கூடியதுதான். எனினும் ஒரு நல்ல வீடு கைநழுவுவதால் வரும் நட்டத்தை, கெட்ட வீடு கையில் சிக்குவதால் வரும் நட்டத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையான தடை வேறு. மேற்கு நாடுகளில் போல வீட்டுப் பரிசோதனை எமது நாட்டில் இன்னும் தனித் தொழிலாக வளரவில்லை. எனவே வாங்குபவரே இரண்டு மூன்று பேரை ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கிறது: கட்டிடத்துக்குப் பட்டயப் பொறியியலாளர் ஒருவர், மின்சாரத்துக்குத் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர், நிலத்துக்குக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். இவர்களில் எவரும் தரகர் கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது. அறிக்கை படங்களுடன் எழுத்தில் இருக்க வேண்டும். மிக முக்கியமாக, இது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நடக்க வேண்டும். அப்படி முடியாவிட்டால், பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையை விற்பனை உடன்படிக்கையில் சட்டத்தரணியைக் கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

தனியாளுக்குச் சுமையாக இருப்பதைச் சங்கத்தால் இலகுவாக்க முடியும். தெல்தெனிய, திகன, மடவளை முதல் ஹுன்னஸ்கிரிய வரையுள்ள வர்த்தக சங்கங்கள், எமது பிள்ளைகளில் பொறியியல் படித்தவர்களையும் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும் ஒரு பட்டியலாக்கி, நியாயமான கட்டணமொன்றை நிர்ணயித்து, ஒரே மாதிரியான பரிசோதனைப் படிவமொன்றைத் தயாரித்தால் போதும். இன்னுமொரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கு பேர் கேட்கத் தொடங்கினால் ஐந்தாவது விற்பனையாளர் அறிக்கையைத் தாமாகவே ஆயத்தப்படுத்தி வைப்பார்.

முத்திரைத் தீர்வைக்கு இலட்சக்கணக்கில் கட்டும் நாம், அந்தக் கூரையின் கீழ் மனைவி மக்கள் படுத்துறங்கலாமா என்ற கேள்விக்கு அதில் ஒரு சிறு பங்கைச் செலவழிக்கக் கணக்குப் பார்க்கக் கூடாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் வீடு வாங்கவோ விற்கவோ இருப்பவர்கள் இதை இப்போதே யோசிக்கட்டும்.