ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்: இரண்டாவது ரவுட்டர் பார்க்கும் வேலை

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாச்சு. ஹாலில் ஒரு ரவுட்டர். மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று ஆன்லைனில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்து மாட்டியாச்சு. மாடியிலும் இப்போது வைஃபை பறக்கிறது. அடுத்து, குடும்பப் படங்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க, நெட்வொர்க்கில் இணையும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, அதாவது ‘நாஸ்’ ஒன்று மாடிக்கு வருகிறது. மாடி லேப்டாப்பில் அது உடனே திறக்கிறது. ஹாலில் இருக்கும் டிவியில் மட்டும் தெரியவே மாட்டேன் என்கிறது.

“பெட்டி ரிப்பேர் போல, திருப்பி அனுப்பிடலாம்” என்பதுதான் பல வீடுகளில் அடுத்த பேச்சு. பெரும்பாலும் பெட்டி மேல் குற்றம் இல்லை. இரண்டாவது ரவுட்டர் அந்த வீட்டைச் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரித்துவிட்டது. அதுதான் விஷயம்.

ஏன் திடீரென்று நாஸ்?

கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் படங்களை ஏற்றும் வசதி 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனது. அதன்பிறகு ஏற்றும் படங்கள், ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடும் அதே 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. குழந்தை பிறந்த வீட்டில் 15 ஜிபி எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? மாதச் சந்தா கட்ட மனசில்லாதவர்களும், சொந்தப் படங்கள் சொந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைப்பவர்களும் நாஸ் பக்கம் திரும்புவது நியாயம்தான். ஆனால், வீட்டில் இருப்பவர்களால் திறக்க முடியாத பெட்டி, பூட்டிய பீரோ மாதிரி. சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கும்.

சுவர் எங்கே எழும்புகிறது?

ஃபைபர் நிறுவனம் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியே பெரும்பாலும் ஒரு முழு ரவுட்டர்தான். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்று ஐபி முகவரி கொடுப்பது அதன் வேலை. புது ரவுட்டரின் ‘வேன்’ போர்ட்டில் கேபிளைச் செருகியதும், அது தனக்கென்று இன்னொரு குடித்தனம் தொடங்கி, மாடியில் உள்ளவற்றுக்கு 192.168.0.5 என்பதுபோல வேறு வரிசையில் முகவரி கொடுக்கிறது. இதற்குப் பெயர் ‘டபுள் நாட்’.

இந்தச் சுவரில் கதவு ஒருபக்கமாகத்தான் திறக்கும். மாடியில் இருந்து கீழே போய் எதையும் கேட்டு வாங்கி வரலாம். கீழே இருந்து யாரும் மாடிக்கு ஏற முடியாது. ரவுட்டரின் கண்ணுக்கு, ஹால் டிவியும் தெருவில் போகும் அந்நியர்தான். அதனால்தான் நாஸ் மாடியில் இருந்தால் கீழே தெரிவதில்லை. அதையே ஹால் ரவுட்டரில் செருகினால், மாடியில் இருப்பவர்கள் ஐபி முகவரியை டைப் செய்து திறக்க முடியும். ஆனாலும் ‘நெட்வொர்க்’ பட்டியலில் அது தானாக வந்து நிற்காது. “நான் இங்கே இருக்கேன்” என்று கருவிகள் போடும் குரல் இந்தச் சுவரைத் தாண்டுவதில்லை.

ஆபத்தான குறுக்குவழி

இங்கேதான் பலர் யூடியூபைத் திறந்து ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கம் போகிறார்கள். மாடி ரவுட்டரில் மட்டும் அதைச் செய்தால் கதவு வீட்டுக்குள்தான் திறக்கும். எது உள்வாசல், எது தெருவாசல் என்று தெரியாமல் ஹால் ரவுட்டரிலும் அதையே செய்தால், நாஸ் நேராக இணையத்துக்கே காட்சிக்கு வந்துவிடும். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற ரான்சம்வேர், இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் நாஸ் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை அணையுங்கள் என்றுதான் அந்த நிறுவனமே அப்போது பயனர்களுக்குச் சொன்னது. டிவியில் கல்யாண வீடியோ பார்ப்பதற்காக எடுக்க வேண்டிய ரிஸ்க்கா இது?

சரியான வழி: ஒரே தலைவர்

வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும். இரண்டாவது பெட்டி வைஃபை பரப்பினால் போதும், முகவரி கொடுக்கிற வேலை அதற்கு வேண்டாம். அதன் செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் சுவர் இடிந்துவிடும்.

அந்த மோட் இல்லாத பழைய ரவுட்டர் என்றால், முதலில் அதன் லேன் முகவரியை ஹால் ரவுட்டரின் வரிசையிலேயே, வேறு எந்தக் கருவிக்கும் போகாத எண்ணாக மாற்ற வேண்டும். பிறகு அதில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை வேன் போர்ட்டில் இருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருக வேண்டும். அவ்வளவுதான். வாங்கிய ரவுட்டர்தான் நல்லது, அதுவே தலைவராக இருக்கட்டும் என்றால், ஃபைபர் பெட்டியை ‘பிரிட்ஜ் மோட்’டுக்கு மாற்றித்தரச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம். மெஷ் வாங்கியவர்களும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அதை ரவுட்டர் மோடிலேயே விட்டுவைத்தாலும் இதே சுவர்தான்.

கடைசியாக, போர்ட்டின் வேகத்தையும் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். 50 ஜிபி வீடியோவை அதன் வழியே நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் போர்ட்டும் கேபிளும் இருந்தால், நாஸும் ஈடுகொடுக்கும் பட்சத்தில், பத்து நிமிடத்துக்குள் முடியும்.

பிரிந்திருப்பது பாதுகாப்பு இல்லையா?

நியாயமான கேள்வி. விருந்தாளியின் போனும், விலை மலிவான சிசிடிவி கேமராவும் குடும்பப் படங்கள் இருக்கும் நெட்வொர்க்கில் இருக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ இருக்கிறது. தெரிந்து கட்டும் சுவர் பாதுகாப்பு. தெரியாமல் எழும்பிய சுவர் வெறும் தலைவலி. ஆக்சஸ் பாயிண்ட் மோடில் இரண்டாவது ரவுட்டரின் பேரன்டல் கன்ட்ரோல் போன்ற வசதிகள் வேலை செய்யாமல் போகலாம் என்பது உண்மை. அதை ஹால் ரவுட்டரில் வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வாடிக்கையாளரே தேடிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவதுதான் தவறு. இரண்டாவது ரவுட்டர் வாங்குகிறவர்களில் பலர் கேட்பது தூரம் எட்டும் வைஃபை மட்டும்தான், இன்னொரு நெட்வொர்க்கை அல்ல. மாட்ட வருகிறவர் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் தீரும் பிரச்சினை இது. அதுவரை, அவர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “அண்ணா, இது ரவுட்டர் மோடா, ஆக்சஸ் பாயிண்ட் மோடா?”