கொசுப்புழுவை விழுங்கும் செடி... டார்வினின் தவற்றைக் கண்டுபிடித்த மேரி!

தண்ணீருக்கு மேலே குட்டியாக ஒரு மஞ்சள் பூ. கீழே பாசி போல ஒரு கொத்து. குளத்தில் இதைப் பார்த்தால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கையில் அள்ளிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். வேரே கிடையாது. நூல் நூலான இலைகளில் கடுகு அளவில் ஏராளமான பைகள் தொங்கும்.

யூட்ரிகுலேரியா என்பது இந்தச் செடியின் பெயர். பிளாடர்வொர்ட் என்றும் சொல்வார்கள். நம் ஊர்க் குளங்களிலும் இதன் வகைகள் உண்டு.

செடி மிதக்க உதவும் காற்றுப் பைகள் என்றுதான் அவற்றை நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். பைகளுக்குள் செத்த பூச்சிகள் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. சரி, பூச்சி எப்படி உள்ளே போனது? தலையால் கதவை முட்டித் தள்ளி அதுவாகவே நுழைந்துவிடுகிறது என்றார் சார்லஸ் டார்வின். பூச்சி உண்ணும் தாவரங்கள் பற்றி 1875-ல் அவர் வெளியிட்ட புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வைன்லேண்ட் என்ற ஊரில் மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார் மேரி ட்ரீட். கணவரைப் பிரிந்து, பத்திரிகைகளுக்கு அறிவியல் கட்டுரைகள் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அவர் எழுதுவது தப்பாகப் போனால் போவது பெயர் மட்டுமல்ல, சாப்பாடும்தான். அவர் மணிக்கணக்கில் பார்த்ததில், கொசுப்புழு முட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. கதவருகே வந்தது, அடுத்த கணம் பைக்குள் இருந்தது. செடிதான் அதை இழுத்துக்கொள்கிறது!

மேரி இதை டார்வினுக்கு எழுதினார். முட்டித் திறக்கிறது என்ற தன் கருத்து தவறு என்று 1875-ல் அவருக்கு எழுதிய கடிதத்திலேயே டார்வின் ஒப்புக்கொண்டார். உலகமே கொண்டாடிய விஞ்ஞானி. அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

அந்த இழுப்பின் ரகசியம் புரிய, பழைய இங்க் ஃபில்லரை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் குமிழை அமுக்கிவிட்டு கையை எடுத்தால் மை சர்ரென்று ஏறுமே, அதேதான். பையில் இருக்கும் தண்ணீரைச் செடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும். இதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பையின் சுவர்கள் உள்பக்கமாக ஒடுங்கி, விறைப்பாகக் காத்திருக்கும். கதவில் சில மெல்லிய முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர்த்தெள்ளோ கொசுப்புழுவோ அதில் உரசினால் போதும். கதவு உள்நோக்கி மடங்கும், சுவர்கள் சட்டென்று விரியும், தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். கதவு மறுபடி மூடிக்கொள்ளும்.

எவ்வளவு வேகம் தெரியுமா? ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால், இரை உள்ளே போக அதில் ஒரு துண்டுகூட முழுதாக ஆகாது. அதிவேக கேமரா வந்த பிறகுதான் இதைப் படம் பிடிக்கவே முடிந்தது. தண்ணீரில் வேட்டையாடும் இன்னொரு செடியான ஆல்ட்ரோவாண்டா, இலையைப் புத்தகம் போல மூடி இரையைப் பிடிக்கும். அதுவும் வேகம்தான். ஆனால், இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

உள்ளே போன இரைக்குத் தப்ப வழியில்லை. பைக்குள் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதால் மூச்சுத் திணறிச் சாகும். உள்சுவரில் நான்கு கைகள் போல விரிந்த நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் என்சைம்கள் இரையைக் கரைக்கும்; பைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களும் கூட வேலை செய்யும். கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடி உறிஞ்சிக்கொள்ளும். சத்து குறைந்த தண்ணீரில் வேரில்லாமல் வாழும் செடிக்கு இதுதான் உரம். இந்தச் செடிக்குச் செரிக்கும் திறன் இல்லை, அழுகியதை உறிஞ்சத்தான் தெரியும் என்று டார்வின் நினைத்திருந்தார். அதுவும் பிற்பாடு மாறிவிட்டது.

மேலே மஞ்சள் பூவுக்கு வரும் தேனீக்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. வேட்டையெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான்.

'அப்போ கொசுவை ஒழிக்க வீட்டிலேயே வளர்க்கலாமே?' என்று கேட்கத் தோன்றும். சாக்கடையில் விட்டால் முதலில் சாவது செடிதான். அதற்கு வெளிச்சமும் சுத்தமான, அசையாத தண்ணீரும் வேண்டும். டெங்கு கொசு முட்டையிடும் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் இது வளராது. அந்தத் தண்ணீரை நாம்தான் கொட்டியாக வேண்டும்.