ஜன்னல் திறந்திருந்தால் போதாது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, புதுச்சேரியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாத சமயம். எங்கள் தெருக்காரர் ஒருவர் பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளே மாடிப்படிக்கு அடியில் வைத்துக் கயிற்றை இழுக்கப் போனார். தடுத்தேன். "மெஷின் மழையில் நனையக் கூடாதே சார். ஜன்னல்தான் திறந்திருக்கே!" என்றார்.

இந்த 'ஜன்னல் திறந்திருக்கே'தான் ஆளைக் கொல்கிற பேச்சு. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் 'மோனொக்ஸீத்' என்று படித்தோம். எந்தப் பெயரில் அழைத்தாலும் அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. தலை வலிக்கும், கிறுகிறுக்கும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது.

மெஷின் வெளியே, 20 அடியாவது தள்ளி, பக்கமெல்லாம் திறந்த கூரையின் கீழ் நிற்கட்டும். புகைக்குழாய் வீட்டைப் பார்க்க வேண்டாம். ஆயில் பாருங்கள். எதையும் மாட்டாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டம் சீரானபின் ஃபிரிட்ஜை மாட்டுங்கள். அணைத்து, சூடு ஆறியபின் பெட்ரோல் ஊற்றுங்கள். சுவர் பிளக்கில் மட்டும் செருகாதீர்கள். கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கும் குடும்பம் உண்டு.

இதற்கெல்லாம் இடமில்லையா? இருட்டிலேயே இருங்கள். இருட்டில் யாரும் மூச்சு முட்டிச் சாவதில்லை.