கோரக் ஷெப்பில் யார் எங்கே உறங்குகிறார்?

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்புவோரில் இப்போது தமிழர்களும் பலர். சென்னையிலிருந்து போகிறார்கள், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் போகிறார்கள். திரும்பியதும் எழுதுகிறார்கள். அவ்வெழுத்துக்களில் சிகரங்களுக்கு அடுத்தபடியாக அதிக இடம் பிடிப்பது வழியிலுள்ள தங்குகுடில்களைப் பற்றிய முறைப்பாடுகளே. ஒட்டுப்பலகைச் சுவர், அடுத்த அறைக்காரரின் விடியவிடிய இருமல், கழிவறை வாளியில் உறைந்துபோன நீர், குளிக்க வெந்நீருக்கும் கைத்தொலைபேசியை மின்னேற்றவும் தனித்தனிக் கட்டணம். இவை யாவும் உண்மையே. ஆனால் அதே இரவில், தமது பையைச் சுமந்து வந்த மனிதர் எங்கே படுத்தார் என்பதை இவர்கள் எழுதுவதில்லை. இந்த மௌனத்தோடுதான் எனக்கு வழக்கு.

குடில்களின் பொருளாதாரத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். லுக்லாவின் உயரம் 2,860 மீற்றர். நாம்சே பஜார் 3,440. கடைசிக் குடில்கள் இருக்கும் கோரக் ஷெப் 5,100 மீற்றருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இவ்வழியெங்கும் அறை வாடகை சொற்பம். படுக்கும் வீட்டிலேயே உண்ணவேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். குடில்காரர் சாப்பாட்டில்தான் சம்பாதிக்கிறார். அரிசியும் பருப்பும் எரிவாயு உருளையும் மனித முதுகிலோ யாக்கின் முதுகிலோ வந்து சேர்வதால், உயரம் ஏற ஏற விலையும் ஏறுகிறது. சம்பாதிக்கும் பருவமோ ஆண்டில் இரண்டே. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. ஆகவே குடில்காரரை நான் குறைகூற வரவில்லை.

சுமையாளரின் கணக்கு வேறு. அவருக்கு நாட்கூலி. பெரும்பாலும் தம் உணவையும் படுக்கையையும் அந்தக் கூலிக்குள்ளேயே அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பருப்புச் சோற்றின் விலை மலையோடு சேர்ந்து ஏறுகிறது, கூலி ஏறுவதில்லை. பல குடில்களில் சுமையாளருக்கு விலைக்கழிவு உண்டென்பது மெய்தான். இருந்தும் வீட்டுக்கு நாலு காசு கொண்டுபோக எண்ணும் மனிதர் வயிற்றில்தான் சிக்கனம் பிடிக்கிறார். கட்டில் அவர் கணக்கிலேயே வராது. விருந்தினர் உண்டு, சீட்டாடி, உறங்கச் சென்றபின் உணவுமண்டப வாங்குகளில் நீட்டிப் படுப்பார். யாக் சாணம் எரித்த கணப்பு அதற்குள் தணிந்திருக்கும். முதல் விருந்தினர் தேநீருக்கு வருமுன் வாங்கை விட்டு எழுந்தாக வேண்டும். ஒக்டோபர் நெரிசலில் அறை கிடைக்காத பயணிகளுக்கு அந்த வாங்குகளும் போய்விடும். அப்போது களஞ்சிய அறையோ, முன்னோர் ஒதுங்கிய பாறை நிழலோதான் சுமையாளருக்கு.

"அவர்கள் மலைநாட்டார், குளிர் பழகியவர்கள்" என்பது உடனே வரும் பதில். இதைவிட வசதியான பொய் அந்த மலைகளில் இல்லை. கூம்புப் பகுதியில் சுமை தூக்குவோரில் பெரும்பகுதியினர் அவ்வுயரங்களிற் பிறந்த ஷெர்ப்பாக்கள் அல்லர். தாழ்ந்த மலைக் கிராமங்களிலிருந்து பருவத்துக்கு வேலை தேடி வரும் ராய், தாமங், மகர் இனத்தவர்கள். உயர நோய் லண்டன்காரரைப் பிடிப்பதுபோலவே அவர்களையும் பிடிக்கும். பயணிக்குத் தலையிடித்தால் ஓய்வெடுக்கலாம். சுமையாளர் ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போகும், அடுத்த பருவ வேலையும் போகலாம். எனவே அவர் வாய்திறப்பதில்லை.

சுமையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம்சேக்குச் செல்லும் பாதையில் சந்தைச் சரக்குச் சுமப்போரை ஆராய்ந்து 2005இல் 'சயன்ஸ்' ஏட்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதத்தையும் பெண்கள் 66 சதவீதத்தையும் சுமந்தனர் என்கிறது அது. பயணிகளின் பைகளைத் தூக்குவோருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 30 கிலோ. அந்த எடையைத் தாங்குவது நெற்றியில் மாட்டும் ஒரு பட்டை, பெயர் நாம்லோ. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்களையும் அவர்கள் திரும்பிச்செல்லும் லயன் அறைகளையும் அறிந்த நம் நாட்டவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறிந்தும் காணாதிருப்பதுதான் எனக்கு வியப்பு.

ஒரு நேபாளச் சுமையாளரின் தவிர்த்திருக்கக்கூடிய சாவைத் தொடர்ந்து, 1997இல் சர்வதேச சுமையாளர் பாதுகாப்புக் குழு அமைந்தது. அது கேட்பவை பெரிய புரட்சிகள் அல்ல: குளிருக்கேற்ற உடை, ஒதுங்க இடம், உணவு, பயணிக்குக் கிடைக்கும் அதே மருத்துவம், நோயுற்றவரைத் தனியே கீழே அனுப்பாமை. கடைசிக் கோரிக்கையை நின்று வாசியுங்கள். மூச்சுத்திணறும் மனிதரின் கணக்கை முடித்துக் கையில் காசைக் கொடுத்து, "இறங்கிப் போ" என்று விடும் வழக்கம் இல்லாவிட்டால் இப்படியொரு விதிக்குத் தேவையே எழுந்திராது. அதே பாதையில், சற்றே தலைசுற்றிய பயணிகளை ஹெலிகொப்டரில் ஏற்றிக் காப்புறுதிப் பணம் கறந்த மோசடி 2018இல் நேபாள அரசின் விசாரணை வரை போனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"நாம் போவதால்தானே அவர்களுக்குப் பிழைப்பு" என்பார்கள். ஆம். பிழைப்புக் கொடுப்பவர் படுக்க இடம் கொடுக்கவேண்டாம் என்று எந்த நியாயம் சொல்கிறது? இங்கே பொறுப்பாளி பயண முகவர். எல்லாம் உட்பட இத்தனை டொலர் என்று மலிவு விலை பேசுபவர் அவர்; அந்த மலிவைக் கூலியிலிருந்தும் கூரையிலிருந்தும் கழித்தெடுப்பவரும் அவரே. அவருக்கு அடுத்த பொறுப்பாளி, மூன்று முகவர்களிடம் விலை கேட்டு ஆகக் குறைந்ததைத் தேர்ந்துவிட்டுப் பெருமைப்படும் நம்மவர்.

செய்யமுடியாத காரியம் ஒன்றுமில்லை. கோக்கியோ பள்ளத்தாக்கிலுள்ள மச்செர்மோவில், 4,400 மீற்றருக்கு மேல், சுமையாளருக்கென்றே ஒரு தங்குமடம் எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். பருவத்தில் வைத்தியரும் இருந்திருக்கிறார். முற்பணம் செலுத்துமுன் முகவரிடம் கேளுங்கள்: என் பையைச் சுமப்பவர் ஒவ்வோர் இரவும் எந்த இடத்தில் படுப்பார், போர்வை யார் தருவார், அவருடைய சாப்பாடு கூலிக்கு உள்ளேயா வெளியேயா, அவருக்குக் காப்புறுதி உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வந்து குடிலைப் பற்றி எழுதும்போது, உறைந்த வாளிக்குப் பக்கத்தில் அந்தப் பதிலையும், அங்கே கண்ணால் கண்டதையும் முகவரின் பெயரோடு எழுதுங்கள்.